துண்டை எடுக்கச் சொன்னது நான்தான்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் போன் பதினோரு நாளாக அணைந்தே கிடக்கிறது. தம்பி உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தி, "அவ இனிமே போனைத் தொடறதா இல்ல. ஏதாச்சும் சொல்லணும்னா காகிதத்துல எழுதச் சொல்லுங்க" என்றாராம். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். அப்பா பக்கவாதத்தில் விழுந்து, வலப்பக்கம் முழுக்கச் செயலிழந்து, பேச்சும் போய்ப் படுத்தபோது நான் கடல் கடந்து வேறு நாட்டில் லிஃப்ட் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு வேலைக்குப் போயே ஆக வேண்டும். வீட்டு நோயாளிகளைப் பார்க்க ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். பத்து மாதம் படுத்த படுக்கையாக இருந்த மனிதருக்கு ஒரு புண்கூட வரவில்லை என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். பெற்ற பிள்ளைகள் செய்யாததை நீங்கள் செய்தீர்கள். இதை உங்களிடம் நேரில் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

நடந்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அப்பாவைப் பார்ப்பதற்காக நான் வாங்கி அலமாரி மேல் வைக்கச் சொன்ன கேமராவுக்குள் எவனோ புகுந்திருக்கிறான். காலையில் நீங்கள் வந்து சீருடை மாற்றுவதை வாரக்கணக்கில் பதிவு செய்து இணையத்தில் போட்டிருக்கிறான். உங்கள் தெருக்காரர் ஒருவர் அதைப் பார்த்துத்தான் உங்களுக்கே தெரிய வந்தது என்று தம்பி சொன்னான். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் குளியலறை இருக்கிறது. தாழ்ப்பாளும் இருக்கிறது. கேமரா இருப்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. குறை சொல்லவில்லை, ஆதங்கம்தான்.

தம்பி லீவு போட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களால் திரும்ப வர முடியுமா?

அன்புடன்,
மூத்தவள்


மார்ச் 14

மேடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நன்றி சொன்னதற்கு நன்றி. நான் எப்போதும் உங்களைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கு அது வாயில் வரவில்லை, மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தேன். என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முதல் பக்கம் முழுக்க நன்றி. அவர்கூட, "நல்ல பொண்ணுதான் போல" என்றார். பக்கத்தைத் திருப்பினால் தாழ்ப்பாள் வருகிறது. அவர் குழாயை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் நீங்கள் ஏழாவது ஆள். ஏஜென்சி மேலாளர் அம்மா கேட்டார். என் நாத்தனார் கேட்டாள். மருந்துக் கடைக்காரர் மிச்சச் சில்லறை எடுக்கிற சாக்கில் கேட்டார். எல்லாரும் "தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தார்கள். தப்பாக எடுக்காமல் வேறு எப்படி எடுப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஐயாவுக்கு இடப்பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். அதை வைத்துக்கொண்டு அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். நான் வந்த முதல் மாதம், உடை மாற்றக் குளியலறைக்குப் போய் வருவதற்குள் பாதி உடம்பு தரையில், பாதி உடம்பு கட்டிலில். அதைக் கேமராவில் பார்த்துவிட்டு அங்கிருந்து கத்தியது நீங்கள்தான். "அக்கா, அப்பாவை விட்டு ஒரு நிமிஷம்கூட நகராதீங்க" என்றீர்கள். நான் வந்ததும் தம்பி வேலைக்குக் கிளம்பிவிடுவார். வேறு ஆளும் கிடையாது. அதனால் அவர் கட்டிலோரம் நின்றே மாற்றினேன்.

நானும் மடச்சி இல்லை. கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் மாற்றுவேன். இரண்டு நிமிட வேலை. அதையும் வேண்டாம் என்று சொன்னது யார்? நீங்களே போன் பண்ணி, "துண்டை எடுங்க அக்கா, அப்பா தெரியல. நான் ஒருத்திதானே பாக்குறேன், வேற யாரு பாக்கப் போறா?" என்றீர்கள். நீங்கள் கூடப் பிறந்தவள் மாதிரி. உங்கள் முன்னால் எனக்கு என்ன கூச்சம் என்று எடுத்துவிட்டேன்.

இப்போது ஏஜென்சியில் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துவிட்டார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி விசாரணை. "பணியாளரின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிட்டால் அந்த அட்டை திரும்ப வராது. அட்டை இல்லாதவளை எந்த வீட்டிலும் நோயாளி பக்கத்தில் விட மாட்டார்கள். பதினாறு வருஷமாக இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும். துண்டைப் பற்றிச் சொன்னேன். "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள்.

உங்களிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு சந்தேகம். லிஃப்ட் அறுந்து விழுந்தால், ஏறினவரைக் கூப்பிட்டு "மாடிப்படி இருந்ததே, ஏன் இதில் ஏறினீர்கள்" என்று கேட்பீர்களா?

திட்டி முடித்தாயிற்று. நல்லதும் கொஞ்சம் நடந்தது, அதையும் எழுதாவிட்டால் பாவம். புகார் கொடுக்கப் போனபோது அங்கிருந்த போலீஸ் அம்மா வீடியோவைத் திறந்து, முகத்தை மட்டும் அடையாளம் கேட்டுவிட்டு உடனே மூடிவிட்டார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "உனக்கு இங்க என்ன வேல?" என்று ஒரே அதட்டல். அந்த அம்மாவுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரரை நினைத்துத்தான் பயந்து செத்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிற இடத்தில் நிற்பவர். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாத்தவன் வெக்கப்படட்டும். நீ சாப்புடு."

ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னால் புரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் வேலை பார்த்தவள்


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். லிஃப்ட் விழுந்தால் ஏறினவரை நாங்கள் எதுவும் கேட்பதில்லை. பராமரித்தது யார், கடைசியாகச் சரிபார்த்தது யார், கையெழுத்துப் போட்டது யார் என்றுதான் கேட்போம். இது என் தொழிலின் அரிச்சுவடி. அப்படிப்பட்ட நான் உங்களிடம் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஏழாவது ஆளாக நின்றதற்கு வெட்கப்படுகிறேன்.

ஆனால் துண்டு விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை, அக்கா. பொய் சொல்லவில்லை. எவ்வளவு யோசித்தும் அப்படிச் சொன்னதாக நினைவு வரவில்லை. தினமும் நாலு தடவை போன் பண்ணுவேன், எதையெதையோ சொல்லியிருப்பேன். சொல்லவே இல்லை என்று சாதிக்கவும் மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு பாரமாக இருக்கிறது. அந்தக் கேமராவுக்குக் கடவுச்சொல் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எண்கள். பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டேன். பிறகு மாற்றலாம் என்று நினைத்தேன். பத்து மாதம் பிறகாகவே போய்விட்டது. ஊராரின் லிஃப்டில் ஒரு ஆணி தளர்ந்திருந்தால் கட்டடத்தையே மூடச் சொல்கிறவள் நான்.

இதை ஏஜென்சிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவனுடைய வக்கீல் நண்பர் வேண்டாம் என்கிறாராம். "எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும். பேசாம இரு" என்கிறான் தம்பி. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

அப்பாவின் வலது குதிகாலில் சிவப்பாக ஒரு வட்டம் வந்திருக்கிறது என்று தம்பி சொன்னான். பயமாக இருக்கிறது. உங்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

மூத்தவள்


ஏப்ரல் 3

மேடத்துக்கு,

குதிகாலைத் தேய்க்கவே கூடாது என்று தம்பியிடம் உடனே சொல்லுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். சிவப்பை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம், எந்தத் தலையணை எங்கே என்பதெல்லாம் என் நீல நோட்டில் இருக்கிறது. மருந்து டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். ஐயாவின் உடம்பு மாதத்துக்கு மாதம் எப்படி மாறியது என்று தெரிந்தால்தான் கை சரியாகப் போகும்.

தம்பி லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறாரே, அதற்கே அவரை மெச்ச வேண்டும். ஆண் பிள்ளைகள் அப்பனுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. கை நடுங்கும், பழகிவிடும். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

துண்டு விஷயம் ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். சொல்பவர் மறந்துவிடுவார், கேட்டு நடந்தவளுக்குத்தான் மறக்காது. கோபம் வந்தது. பொய் சொல்வானேன், கடிதத்தைக் கசக்கிக்கூடப் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். கடவுச்சொல் விஷயத்தை நீங்கள் எழுதியிருக்கவே வேண்டியதில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது. அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு என் நன்றி. இந்த ஒன்றரை மாதத்தில் "என் பேரிலும் தப்பு இருக்கிறது" என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

வக்கீல் சொல்வது அவர் தொழில். உங்கள் குடும்பம் உங்களுக்கு. நான் இருபதாம் தேதி போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன். நடப்பது நடக்கட்டும்.

குதிகால் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

குதிகால் வெளுக்கிறது. நீங்கள் சொன்னபடி தலையணை வைத்த மூன்றாம் நாளே சிவப்பு குறைந்துவிட்டது. இதை முதலில் எழுதிவிட்டேன், நீங்கள் தேடுவீர்கள் என்று.

தம்பி உங்கள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தான். படித்துக்கொண்டே போனவன் நேற்று எனக்குப் போன் பண்ணினான். "அக்கா, வக்கீலு கிடக்குறாரு. நீ எழுதிக் குடுத்துடு" என்றான். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். உங்கள் கையெழுத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"ஆகஸ்ட் 9. காலை 7.50 துண்டு போட்டு உடை மாற்றல். 7.52 தங்கச்சி போன். துண்டை எடுக்கச் சொன்னது. எடுத்தாயிற்று. தான் ஒருத்திதான் பார்ப்பதாகச் சொன்னது. இனி துண்டு போடுவதில்லை. 8.00 ஐயாவை இடப்பக்கம் திருப்பல். தோல் நன்றாக உள்ளது."

படித்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஓர் உயரமான கட்டடத்தில் லிஃப்டின் கூரை மேல் ஏறி நின்று கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அப்பாவைப் பார்க்கலாம் என்று போனைத் திறந்தேன். திரை முழுக்க வெள்ளைத் துணி. அப்பா போய்விட்டார், முகத்தை மூடிவிட்டார்கள் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பயத்தில்தான் உங்களைக் கூப்பிட்டு அப்படிச் சொன்னேன். என் பயம் தீர்ந்ததும் சொன்னதை மறந்துவிட்டேன். உங்களுக்கும் ஒரு பயம் இருக்கும், அதனால்தான் துண்டு போட்டீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது காரணம்தான், சமாதானம் இல்லை.

இன்று காலை ஏஜென்சிக்கும் போலீசுக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வேறு விதமாக எழுதத் தெரியாததால் விபத்து அறிக்கை எழுதுவது போலவே எழுதினேன். கேமரா என்னுடையது. வைத்த இடம் நான் சொன்ன இடம். கடவுச்சொல்லை மாற்றாதது நான். பணியாளர் தானாகவே எடுத்திருந்த பாதுகாப்பை நீக்கச் சொன்னது நான்தான். நோயாளியை விட்டு நகரக் கூடாது என்பதும் என் உத்தரவு. உள்ளே புகுந்து திருடியவன் குற்றவாளி. பணியாளரின் பெயரில் எழுத எந்தக் குறையும் இல்லை, நன்றிதான் இருக்கிறது. நோட்டின் அந்தப் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். தம்பி மூல நோட்டோடு இருபதாம் தேதி நேரில் வருகிறான். கேமராவைக் கழற்றியாயிற்று.

அன்றைக்குத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேனே, அது ஆதங்கம் இல்லை, அக்கா. உங்கள் மேல் தப்பு என்று ஆகிவிட்டால் என் மேல் இல்லை என்று ஆகிவிடும். அதற்காகத்தான் கேட்டிருக்கிறேன். என்னை மன்னியுங்கள். மன்னிக்க முடியாவிட்டாலும் எனக்குப் புரியும்.

திரும்ப வாருங்கள் என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. எங்கே வேலை பார்த்தாலும் நன்றாக இருங்கள். என் அப்பா உயிரோடு இருப்பதற்கு நன்றி.

மூத்தவள்


ஏப்ரல் 29

என் தங்கச்சிக்கு,

அட்டை கைக்கு வந்துவிட்டது. நீ முதலில் அதைத்தான் தேடுவாய்.

விசாரணையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் அம்மா உன் கடிதத்தை முழுக்கப் படித்தார். தம்பி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. எல்லாம் கேட்ட பிறகும் ஓரத்தில் இருந்த ஒரு பெரிய மனிதர், "இருந்தாலும், நீங்களும் கொஞ்சம்..." என்று இழுத்தார். அவர் எட்டாவது ஆள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "அந்த 'இருந்தாலும்' எங்க வீட்டோடது சார். அவங்க தலையில வைக்காதீங்க" என்றார். வெளியே வந்து வேனில் ஏறியதும் என் வீட்டுக்காரர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இனி வேலைக்கு அனுப்பும் முன் எந்த வீட்டிலும் கேமரா இருக்கிறதா, யார் பார்க்கிறார்கள், எப்போதெல்லாம் மூடி வைக்கலாம் என்று எழுதி வாங்கப் போகிறார்களாம். புதுப் பெண்கள் மூன்று பேர் என்னிடம் வந்து, "நாங்களும் துண்டு போடுறோம்க்கா, சொல்லத்தான் பயம்" என்றார்கள். உன் ஒரு கடிதத்தால் அவர்களுக்கும் வழி பிறந்தது.

புகுந்தவனைக் கண்டுபிடித்துவிட்டதாகப் போலீஸ் அம்மா சொன்னார். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான வீடுகளைப் பார்த்திருக்கிறான். இணையத்திலிருந்து வீடியோவை நீக்கிவிட்டார்களாம். ஆனால் அது முழுக்கப் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாதாம். இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது இரண்டு தடவை பார்த்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று நினைக்கிறேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அறிக்கையில் எல்லாத் தப்பையும் நீயே வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அந்தத் திருட்டுப் பயலுக்கும் கொஞ்சம் மிச்சம் வை. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கிய பெண்ணுக்குக் கேமரா வாங்கியது தப்பில்லை. நீ கெட்டிக்காரி, சோம்பேறி, பயந்தாங்கொள்ளி. இந்த மூன்றும் சேர்ந்துதான் இவ்வளவும் நடந்தது. ஆனால் தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. அதற்காக உன்னை என் உயிர் உள்ளவரை நினைத்துக்கொள்வேன்.

ஏஜென்சி எனக்கு இரண்டு வீடு காட்டியது. நான் ஐயாவையே கேட்டு வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் போனேன். தம்பி சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஐயாவின் காதுக்குப் பக்கத்தில் போய், "வந்துட்டேன்" என்றேன். இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் சீருடை மாற்றக் குளியலறைக்குப் போகலாம் என்று பையைத் திறந்தேன். ஜிப் இழுத்த சத்தம்தான் கேட்டிருக்கும். ஐயா மெல்ல மெல்லக் கழுத்தைத் திருப்பினார். வலப்பக்கம், சுவர்ப்பக்கம். செயலிழந்த பக்கம் அது. அந்தப் பக்கம் திரும்ப அவர் படாத பாடு படுவார், நெற்றி நரம்பெல்லாம் புடைத்துவிடும். திருப்பி முடித்துக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

பத்து மாதமாகத் தினமும் காலையில் அவர் அப்படித் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன், தங்கச்சி. கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். கேமராவில் நீயும் பார்த்திருப்பாய். அந்தப் பாவியும் பார்த்திருப்பான். ஒருவருக்கும் புரியவில்லை.

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் போய் மாற்றிக்கொண்டு வந்து, "முடிஞ்சுதுங்க ஐயா" என்று சொல்லும் வரை அவர் முகத்தைத் திருப்பவில்லை.

அக்கா